ஏழு இருபதுக்கு ஒரு ஏற்புரை

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெறுகிறேன். சம்பளம் வாங்கும் வேலையிலிருந்து இல்லை, அது என்னைப் புனேவுக்குத் துரத்துகிறது. நான்கு வருடமாகச் சம்பளமில்லாமல் பார்த்த வேலையிலிருந்து, அதாவது நம் வாசகர் வட்டத்தின் செயலாளர் பொறுப்பிலிருந்து.

புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் போன ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அக்கா, என்னென்ன பண்ணணும், ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்றீர்கள். ஹாலுக்கு யாரிடம் கேட்பது, போஸ்டரில் படம் எந்தப் பக்கம், வெளியூர் எழுத்தாளரை ஜங்ஷனிலிருந்து யார் அழைத்து வருவது என்பதெல்லாம் நீலக் கோப்பில் இருக்கிறது. அதைப் படித்தால் கூட்டம் நடத்திவிடலாம். கூட்டம் கையை விட்டுப் போகும்போது என்ன செய்வது என்பது மட்டும் கோப்பில் இல்லை. அதற்குத்தான் இந்தப் பக்கங்கள்.

இலக்கியக் கூட்டம் கெட்டுப்போவதற்கு மழை, கரண்ட் கட், கிரிக்கெட் ஃபைனல் என்று மூன்று காரணம் சொல்வார்கள். நான் கெடுக்கப் பார்த்த கூட்டத்தில் இந்த மூன்றும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

ரஹ்மத் அக்காவை இன்றைக்கு உங்களுக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்து, போரடித்தால் கொட்டாவியை மறைக்காத ஒரே ஆள். இரண்டு வருடம் முன்னால் அவரை யாருக்கும் தெரியாது. பாலக்கரையில் ஒரு சந்துக்குள், வீட்டின் முன்னறையில் ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். திருப்பி வாங்கும்போது, அளவு எழுதியிருந்த தாளின் மறுபக்கத்தில் ஒரு கதையின் நடுப்பக்கம் இருந்தது. பஸ்ஸில் படித்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மூன்று தடவை படித்துவிட்டேன். மறுநாள் போய், "அக்கா, இதோட மொதப் பக்கம் யார் ரவிக்கையோட போச்சு?" என்று கேட்டேன். அப்படித்தான் பழக்கம். அதன் பிறகு அவருடைய பன்னிரண்டு கதைகள் ஒரு சின்னப் புத்தகமாக வந்தன. அறிமுகக் கூட்டத்தை நம் வட்டம் நடத்துவதாக நான் குதித்துக்கொண்டு போய் ஒப்புக்கொண்டேன்.

என் முதல் தவறு அங்கேயே தொடங்கிவிட்டது. குறித்த ஞாயிற்றுக்கிழமை நம் தலைவர் வீட்டில் ஒரு கல்யாணம் என்று தெரிந்ததும் ரஹ்மத் அக்காவுக்குப் போன் போட்டு, "ஒரு வாரம் தள்ளிக்கலாமாக்கா?" என்றேன். "உங்க சௌகரியம்மா" என்றார். நான் போனை வைத்துவிட்டுப் போஸ்டரில் தேதியை மாற்றினேன். தம்பி தங்கைகளே, நம் ஊரில் ஒருவர் "உங்க சௌகரியம்" என்றால் அது சரி என்று அர்த்தம் இல்லை. "என் அசௌகரியத்தை நீ கேட்கவில்லை" என்று அர்த்தம். இதைக் கோப்பில் எழுதி ஒட்டலாம்.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் அவரே கூப்பிட்டார்.

"ஏம்மா, ஞாயித்துக்கிழமை என்னை மொதல்ல படிக்க விடுவீங்களா?"

"மொதல்லயா? ஏற்புரை கடைசிலதானேக்கா வரும். எல்லாரும் வாழ்த்துவாங்க, நீங்க அதை ஏத்துக்கிட்டுப் பேசுவீங்க. அதான முறை?"

"முறைதான். ஆனா அன்னைக்கு ராத்திரி அவங்களுக்கு ஃப்ளைட்டு."

"எவங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரவங்களுக்குத்தான். பத்தே முக்காலுக்கு. எட்டேகாலுக்கெல்லாம் ஏர்போர்ட்ல நிக்கணும். சீரங்கத்துலேர்ந்து ஏழரைக்குக் கெளம்பினாத்தான் ஆகும்."

அவர் கணவர் காதர் பாய் ஷார்ஜாவில் ஒரு தையற்கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவில் வருவார். முதலில் குறித்த தேதியில் கூட்டம் நடந்திருந்தால் அவர் ஊரில் நிதானமாக உட்கார்ந்து கேட்டிருப்பார். தலைவர் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்காக நான் தள்ளிய அந்த ஒரு வாரத்தில் அவருடைய லீவு தீர்ந்துபோனது.

"அந்த வெறும் மெஷின் கதையத்தான் படிக்கணும்மா. அவங்க இருக்கையில படிக்கணும்."

"புத்தகத்துலதான் இருக்கே, பாய் இன்னும் படிக்கலையா?"

"அவங்க பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் பக்கத்தைத் தாண்ட மாட்டாங்க. புஸ்தகத்தக் கையில குடுத்தேன். பிரிச்சுப் பாத்து, பைண்டிங் தையல் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வெறும் மெஷின் கதை கற்பனை இல்லை. காதர் பாய் ஷார்ஜாவிலிருந்து தினமும் வேலை முடிந்து கூப்பிடும்போது இந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். "இன்னுமா தைக்கிறே?" என்பார். "ஆமாங்க, பெருநாள் துணி" என்பார் இவர். உண்மையில் மெஷினில் துணி இருக்காது. நூலையும் உருவி வைத்திருப்பார். கால் மட்டும் மிதித்துக்கொண்டிருக்கும். கை, மெஷின் பலகையில் தாளை வைத்துக் கதை எழுதிக்கொண்டிருக்கும். அடுத்த அறையில் மாமியார். மெஷின் சத்தம் கேட்கிறவரை யாரும் வந்து எதுவும் கேட்க மாட்டார்கள். வேலை நடக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால்தான் "என்ன பண்றே?" என்று குரல் வரும். ஆறு வருடம், பன்னிரண்டு கதைகளும் இப்படித்தான் எழுதப்பட்டன.

காதர் பாயோ அங்கே அறையில் இருப்பவர்களிடம், "என் பொண்டாட்டி மாதிரி உழைக்க ஆளில்லை" என்று பெருமை பேசுவாராம். ஊருக்கு யார் வந்தாலும் அவர்கள் கையில், அவள் கால் வலிக்கு என்று ஒரு தைலப் பாட்டில் கொடுத்தனுப்புவாராம்.

"பீரோவுல பதினாலு பாட்டில் இருக்கும்மா. தொறந்தா ஒவ்வொண்ணும் என்னைப் பாத்துச் சிரிக்குது."

"நேர்லயே சொல்லிடலாமேக்கா?"

"நாப்பது நாளா சொல்லத்தான் பாக்கறேன். மாமி இருக்காங்க, பிள்ளைங்க இருக்கு, தெனம் ஒரு விருந்து. தனியா இருந்தாலும் முகத்தைப் பாத்தா வாய் வர மாட்டேங்குது. மைக் முன்னாடின்னா தாளைப் பாத்துப் படிச்சிருவேன். இந்தத் தடவ சொல்லாம அனுப்பிட்டேன்னா, இன்னும் ரெண்டு வருசம் அந்தச் சத்தத்துக்குப் பொய் சொல்லணும். என்னால முடியாதும்மா."

"கவலைப்படாதீங்கக்கா. ஏழு மணிக்கு மைக் உங்க கையில இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இந்த "நான் பாத்துக்கறேன்" இருக்கிறதே, அதுதான் இரண்டாவது தவறு. சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. தலைவரிடம் சொல்லவில்லை. வாழ்த்துரை பேச இருந்த ஆறு பேரிடமும் சொல்லவில்லை. ஐந்தரைக்குத் தொடங்கினால் ஏழுக்குள் எல்லாரையும் பேசவைத்து முடித்துவிடலாம் என்று எக்ஸெல் ஷீட்டில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நான் படித்த படிப்பு அப்படி. எக்ஸெல் ஷீட்டில் யாரும் தாமதமாக வருவதில்லை, யாரும் தண்ணீர் குடிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டபம் சாலையில் அந்த மாடி ஹாலில் அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைசி வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில் காதர் பாய். தேய்த்த வெள்ளைச் சட்டை. பக்கத்து நாற்காலியில் அவர் பெட்டி, நைலான் கயிற்றால் நான்கு பக்கமும் கட்டி, மேலே மார்க்கரால் கொட்டை எழுத்தில் பெயர் எழுதியது. கீழே ஆட்டோ நின்றது. மாமியாரும் பிள்ளைகளும் நேரே ஏர்போர்ட்டுக்கு வந்துவிடுவார்கள். ரஹ்மத் அக்காவும் கூடவே போவதாகத்தான் இருந்தார். "ஒன் கூட்டத்த விட்டுட்டு எங்கே வர்றே? இருந்து முடிச்சுட்டு வீட்டுக்குப் போ" என்று காதர் பாய்தான் தடுத்துவிட்டார்.

ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அஞ்சரைன்னு போட்டிருக்கே?"

"அஞ்சரைன்னா ஆறுதாங்க பாய். தலைவர் வந்துக்கிட்டே இருக்கார்."

"எங்க ஃப்ளைட்டுக்காரன் அப்படி நினைக்க மாட்டானேம்மா" என்று சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "தொழுதுட்டு வந்துர்றேன். இங்க ஒரு ஓரமா இடம் கெடைக்குமா?" என்றார்.

மைக்செட் அந்தோணி அண்ணன்தான் வயர்ப் பெட்டிகளைக் காலால் தள்ளிவிட்டு, தான் உட்காரும் மூலையைத் துண்டால் தட்டிக் கொடுத்தார். "இங்க தொழுங்க பாய். மைக் டெஸ்டிங் வேணா நிறுத்திக்கறேன்."

தலைவர் ஆறே காலுக்கு வந்தார். உங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், புத்தூர்க்காரர். பிறகு மேடையில் இருந்த ஒன்பது பேருக்கும் பொன்னாடை. ஒவ்வொரு ஆடைக்கும் ஒரு போட்டோ. கண் மூடிவிட்டது என்று இரண்டு பேருக்கு மறுபடியும். அப்புறம் என் வரவேற்புரை. ஐந்து நிமிடம் என்று எனக்கு நானே ஒதுக்கியிருந்தேன். ரவிக்கை, பஸ், நடுப்பக்கம் என்று சொல்ல ஆரம்பித்ததும் எனக்கே சுவாரசியமாகிவிட்டது. பன்னிரண்டு நிமிடம் பேசினேன். அதனால் மற்றவர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆறு ஐம்பதுக்குத் தலைவர் மைக்கைப் பிடித்தார். இன்னும் ஆறு வாழ்த்துரை பாக்கி. ரஹ்மத் அக்கா மேடையில் புத்தகத்தை மடியில் வைத்து, படிக்க வேண்டிய பக்கத்தில் விரலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலை எடுக்கவே இல்லை.

ஏழு ஐந்துக்கு நான் நம் குலவழக்கப்படி துண்டுச்சீட்டு எழுதினேன். பேசுகிறவர் நீட்டிக்கொண்டே போனால் செயலாளர் பூனைபோல மேடைக்குப் பின்னால் போய் ஒரு சீட்டை மைக்கருகே வைத்துவிட்டு வருவது எல்லா வட்டத்திலும் உண்டு. பெரியவரிடம் "சுருக்கவும்" என்று எழுதக் கை கூசியது. "நேரம்" என்று மட்டும் எழுதி வைத்தேன். நாசூக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

தலைவர் சீட்டை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். படித்தார். முகம் மலர்ந்தது.

"நம் செயலாளர் 'நேரம்' என்று ஒரு சொல்லை எழுதித் தந்திருக்கிறார். எவ்வளவு ஆழமான சொல்! நேரம் என்றால் என்ன? நேர்வது நேரம். நிகழ்வதற்குத்தானே நேர்தல் என்று பெயர்? அப்படியானால் ஒன்றும் நிகழாதபோது நேரம் இருக்கிறதா, இல்லையா?"

கூட்டம் கை தட்டியது. மேடையிலேயே, வாழ்த்துரைக்குக் காத்திருந்த வரதன் மாமா "பேஷ், பேஷ்" என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

நேரத்தைப் பற்றி அவர் பதின்மூன்று நிமிடம் பேசினார். சத்தியமாக நல்ல பேச்சு. வேறொரு நாளாக இருந்தால் குறிப்பெடுத்திருப்பேன்.

ஏழு பதினெட்டுக்கு ஆட்டோக்காரர் மாடியேறி வந்து கதவருகே நின்றார். "பாய், பாலத்துல வண்டியெல்லாம் நிக்குதாம். இப்பக் கெளம்பினாத்தான்." குரலைத் தணித்துத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குக் கேட்டது. ரஹ்மத் அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தார். காதர் பாய் எழுந்தார். பெட்டியை இறக்கினார். அங்கிருந்தே மேடையைப் பார்த்துக் கையைத் தூக்கி, நீ பேசு, நான் போயிட்டு வரேன் என்பதுபோல ஒரு சாடை காட்டினார். ரஹ்மத் அக்கா பாதி எழுந்தார். ஒன்பது பொன்னாடைகளுக்கு நடுவிலிருந்து எப்படி எழுந்து ஓடுவது? உட்கார்ந்துவிட்டார். விரல் மட்டும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

அந்தோணி அண்ணன் என் காதருகே வந்தார். காலையில் வயர் இழுக்கும்போதே விமானக் கதையை அவரிடம் மட்டும் உளறியிருந்தேன். "மைக்கை அமத்திரட்டுமா தங்கச்சி? ஃபியூஸ் போயிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

இரண்டு விநாடி ஆசை வந்தது. நேர்மை என்னைத் தடுத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் தடுத்தது வேறு. தலைவர் முப்பது வருடம் மைக்கில்லாமல் வகுப்பெடுத்தவர். மைக் போனால் குரலை ஏற்றிக்கொண்டு இன்னும் உற்சாகமாகப் பேசுவார். அப்புறம் அக்கா படிக்கத்தான் மைக் இருக்காது. பொய் சொல்லித் தப்பிக்க முடியாத இடத்தில்தான் எனக்கு உண்மை ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது.

மேடையேறி, தலைவர் பக்கத்தில் போய் நின்று, அவர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போதே மைக்கில் சொன்னேன்:

"ஐயா, மன்னிக்கணும். இந்தக் கதையக் கேக்க வேண்டியவர் மாடிப்படி எறங்கிட்டிருக்கார்."

தலைவர் என்னைப் பார்த்தார். "யாரும்மா?"

"ரஹ்மத் அக்காவோட வீட்டுக்காரர். ஷார்ஜா ஃப்ளைட்டு. போனா ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வருவார். அவருக்காகத்தான் அக்கா ஒரு கதை படிக்கணும்னு உக்காந்திருக்காங்க."

என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டத்தான் செய்தார்.

"இதைச் சீட்டுல எழுத வேண்டியதுதானேம்மா! 'நேரம்'னு எழுதிக் குடுத்தா நான் என்னன்னு எடுத்துக்கறது?"

சொல்லிவிட்டு, கையில் இருந்த குறிப்புத் தாள்களை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மைக்கை விட்டு விலகினார். அவ்வளவுதான். நான் நான்கு நாளாகத் தாண்டத் திட்டம் போட்ட மலை, கேட்டவுடன் நகர்ந்துகொண்டது.

நகராதவர் வரதன் மாமா. சீரங்கத்துக்காரர், உத்தர வீதி, நம் கூட்டங்களில் வாழ்த்துரைக்கென்றே பிறந்தவர். "என்னம்மா இது க்ரமம்? அடியேன் இன்னும் வாழ்த்தவே இல்லையே. வாழ்த்தாததை எப்படி ஏத்துப்பா?" என்றார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ரஹ்மத் அக்கா மைக்குக்கு வந்துவிட்டார். "நீங்க நல்லாத்தான் வாழ்த்துவீங்க மாமா, எனக்கு நம்பிக்கை இருக்கு. முன்கூட்டியே ஏத்துக்கறேன்" என்றார்.

ஹால் சிரித்தது. வரதன் மாமாவும் சிரித்து, கையால் "நடக்கட்டும்" என்று காட்டினார்.

அக்கா கதவைப் பார்த்தார். பெட்டி இருந்த நாற்காலி காலியாக இருந்தது. ஒரு கணம் புத்தகத்தை மூடிவிடுவாரோ என்று பயந்தேன். மூடவில்லை. விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார். மணி ஏழு இருபது.

"பத்து மணிக்குப் போன் அடிக்கும். அதற்கு முன்பே நான் மெஷினிலிருந்து நூலை உருவிவிடுவேன்" என்று படிக்கத் தொடங்கினார்.

அப்போது அந்தோணி அண்ணன் ஒரு காரியம் செய்தார். நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. டீ குடிக்க இறங்குகிறவர்களுக்காக வெளியே பால்கனியில் ஒரு பாக்ஸ் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். அதைத் தெருப்பக்கம் திருப்பிவிட்டு, குமிழைக் கடைசிவரை முறுக்கினார். ரஹ்மத் அக்காவின் குரல் அம்மா மண்டபம் சாலையில் போய் விழுந்தது. பூக்கடைக்காரம்மா அண்ணாந்து பார்த்தார்.

நான் பால்கனிக்கு ஓடினேன். கீழே காதர் பாய் ஒரு காலை ஆட்டோவில் வைத்திருந்தார். பெட்டி ஏற்கெனவே உள்ளே. ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது.

மேலே அக்கா படித்தார். துணியில்லாத மெஷின் எவ்வளவு லேசாக ஓடும் என்று படித்தார். "இன்னுமா தைக்கிறே?" என்று கேட்கும் குரலில் இருக்கும் கவலையைக் கேட்டுத் தனக்கு எங்கே வலிக்கும் என்று படித்தார். பீரோவில் வரிசையாக நிற்கும் பாட்டில்களைப் பற்றிப் படித்தபோது ஹால் மொத்தமும் சிரித்தது. அவர் குரல் மட்டும் கொஞ்சம் இழுத்தது.

கீழே ஆட்டோ அணைந்தது. அணைத்தது ஆட்டோக்காரர்தான். காதர் பாய் வைத்த காலை எடுத்து, நேராக நின்று, மாடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி கேட்டார். மசூதியில் தொழுகைக்கு நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நிமிடத்தில் கதை முடிந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் அக்கா மேடையிலிருந்து இறங்கிப் படிக்கட்டுக்கு ஓடினார். போர்த்திய பொன்னாடை வழியிலேயே விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அதனால்தான் எனக்குத் தெரியும். இல்லாவிட்டால் ஒட்டுக்கேட்டேன் என்பீர்கள். காதர் பாய் பாதிப் படி ஏறி வந்திருந்தார். திருப்பத்தில் இருவரும் நின்றார்கள்.

"கேட்டீங்களா?" என்றார் அக்கா.

"ஊருக்கே கேட்டுச்சு."

"கோவமா?"

அவர் ஒரு படி மேலே வந்தார். "ஏன்டி, துணி இல்லாம ஓடுற மெஷினோட சத்தமே வேற. இருவத்தி ரெண்டு வருசமா தைக்கிறேன். எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா? தெரிஞ்சா ஏங்க கேக்கல?"

"நீ என்னமோ பண்றேன்னு தெரிஞ்சுது. கேட்டா நீ நிறுத்திருவேன்னு விட்டுட்டேன்."

"அப்ப அந்தத் தைலமெல்லாம் எதுக்கு அனுப்புனீங்க?"

"ஏன், சும்மா மிதிச்சா கால் வலிக்காதா?"

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். போகட்டுமா என்று கேட்க வாயெடுத்தார். நான் கேட்கவிடவில்லை. "போயிட்டு வாங்கக்கா. ஏற்புரை முடிஞ்சுது. மீதிக் கூட்டம் எங்களோடது" என்று பொன்னாடையை அவர் தோளில் போட்டுவிட்டேன். பளபளக்கும் சரிகையோடு அவர் ஆட்டோவில் ஏறினார். பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஃப்ளைட் கிடைத்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். கிடைத்தது. கடைசி ஆளாக உள்ளே போனாராம்.

மாடிக்குத் திரும்பினால், எழுத்தாளர் இல்லாத எழுத்தாளர் கூட்டம். ஆறு வாழ்த்துரைகளும் ஒரு காலி நாற்காலியைப் பார்த்து நடந்தன. புகழ்ந்தால் முகம் மலர ஆளில்லாததால் எல்லாரும் புத்தகத்தைப் பற்றியே பேசினார்கள். வரதன் மாமா நான்கே நிமிடம் பேசினார், அவர் பேசி நான் கேட்டதிலேயே சிறந்தது அதுதான். அந்த வெறும் மெஷினின் தாளத்தைக் கதையின் வாக்கியங்களில் காட்டிக் காட்டிச் சொன்னார். எனக்கே அது தோன்றியிருக்கவில்லை.

முடிந்ததும் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாரத்துக்கு நாலு தடவ போன் பண்றே. ஒரு தடவ இதச் சொல்லியிருந்தா அஞ்சு மணிக்கே வந்து உக்காந்திருப்பேனே. எங்களைப் பாத்தா ஒனக்கு மனுசங்களாத் தெரியலையா, நிகழ்ச்சி நிரலாத் தெரியுதா?"

அன்றிலிருந்து நான் சீட்டில் ஒற்றைச் சொல் எழுதுவதில்லை. "ஐயா, எழுத்தாளருக்கு எட்டு மணிக்கு பஸ்", "அம்மா, கடைசி வரிசையில் கைக்குழந்தை அழுகிறது", "அண்ணா, எனக்கே பசிக்கிறது" என்று காரணத்தை எழுதுகிறேன். இதுவரை ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும், பசிக்கிறது என்று எழுதியதை மைக்கிலேயே படித்துவிட்டார்.

அடுத்த அழைப்பிதழிலிருந்து ஏற்புரையை முதலில் போட்டேன். வெளியூர் நண்பர்கள் அச்சுப்பிழை என்று போன் செய்வார்கள், உங்களுக்கும் செய்வார்கள். எதை ஏற்றுக்கொள்கிறார் என்று கேட்டால் வரதன் மாமாவின் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இப்போது அந்த முறைக்கு அவர்தான் பெரிய வக்கீல்.

ரஹ்மத் அக்கா இரண்டாவது புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார். இப்போதும் காதர் பாய் கூப்பிடும்போது மெஷின் ஓடுகிறதாம், மாமியார் இருக்கிறாரே. "இன்னுமா தைக்கிறே?" என்று அவர் கேட்பதில்லை. "எத்தனாவது பக்கம்?" என்கிறாராம்.

சாவி கோப்போடு இருக்கிறது. வட்டத்தின் அலமாரியில் மேல்தட்டில், பழைய அழைப்பிதழ்களுக்குப் பின்னால் ஒரு தைலப் பாட்டிலும் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு அடுத்த மாதம், "செயலாளர் வேலைக்கும் கால் வலிக்கும்மா" என்று அக்கா கொண்டுவந்து கொடுத்தது. பாதிதான் தீர்ந்திருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.